பென்சில் புள்ளிக்குப் படிவத்தில் இடமில்லை

1

நமது சபையின் மாத இதழ் ஆசிரியர் ஐயாவிடமிருந்து மூன்றாவது ஏரோகிராம் வந்துவிட்டது. "வெளிநாட்டில் தாங்கள் பெற்ற அனுபவங்களை நமது வாலிபர்களுக்குப் பயன்படும் வகையில் எழுதி அனுப்பவும். பனி, பாதாள ரயில், அந்நாட்டாரின் நேரந்தவறாமை ஆகியவை பற்றி இருந்தால் நலம்" என்கிறார். முதல் இரண்டு கடிதங்களுக்கு நான் பதில் போடவில்லை. மனுஷன் விடுவதாக இல்லை. அதனால் எழுதுகிறேன்.

பனி ஈரமாக இருக்கும், வழுக்கும், மூன்றாம் நாள் சாக்கடை நிறத்துக்கு வந்துவிடும். பாதாள ரயில் லண்டனில் இருக்கிறது. நான் இருக்கும் ஊரில் இல்லை. நேரந்தவறாமையைப் பற்றி என்னிடம் கேட்கவே வேண்டாம், ஏனென்றால் நான் வேலை செய்வது பஸ் டெப்போவில். ஆக, ஐயா கேட்ட மூன்றும் முடிந்தது. இனி நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன்.

இந்த மாதத்தோடு நான் மேற்குத் தாம்பரத்தை விட்டு வந்து ஏழு வருஷம் ஆகிறது. அங்கே என்னைப் பற்றி என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். சாமுவேல் சீமையில் கம்ப்யூட்டர் எஞ்சினியர், கோட்டு போட்டுக்கொண்டு கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்திருக்கிறான் என்று. வருகிறவன் போகிறவனிடமெல்லாம் டேப் ரிக்கார்டர் கேட்டு எழுதி அனுப்புகிறீர்கள். உண்மை இதுதான்: என்னை இங்கே அனுப்பிய கம்பெனி இரண்டே வருஷத்தில் கடையை மூடிவிட்டது. அதற்கப்புறம் ஐந்து வருஷமாக நான் பஸ் டெப்போவில் ரோஸ்டர் கிளார்க். எந்த டிரைவர், எந்தக் கண்டக்டர், எந்த பஸ், எத்தனை மணி என்று வாராவாரம் ஒரு பெரிய தாளில் கையால் எழுதி ஒட்டுவது என் வேலை. கோட்டு இருக்கிறது. கண்ணாடி அறை இல்லை, கக்கூசுக்குப் பக்கத்து அறை.

2

போன மாதம் எங்கள் டெப்போவுக்குக் கம்ப்யூட்டர் வரப்போவதாக அறிவித்தார்கள். இனி ரோஸ்டரை மெஷின் போடுமாம். அதற்கு முன்னால் இப்போது அந்த வேலை எப்படி நடக்கிறது என்று கேட்டு எழுதிக்கொள்ள ஒரு பெண் வந்தாள். பெயர் சூசன். இருபத்து மூன்று வயதிருக்கும். புதுப் பேனா, புது அட்டை, கையில் ஒரு கட்டுப் படிவம். டெப்போ மேனேஜர் அவளைக் கூட்டிக்கொண்டு என் மேஜைக்கு வந்தார். வந்தவர் போகவில்லை. கையைக் கட்டிக்கொண்டு பக்கத்திலேயே நின்றார்.

அவள் கேட்டதற்கெல்லாம் நான் பதில் சொன்னேன். டிரைவர்கள் வரிசை எண்படி. கண்டக்டர்கள் வரிசை எண்படி. வாரம் ஒருமுறை சுற்று மாறும். லீவுக்கு மாற்று ஆள். எல்லாம் டெப்போ விதிப் புத்தகத்தில் இருக்கிறபடி. அவள் எழுதிக்கொண்டே வந்தாள். பக்கத்தின் அடியில் கடைசிக் கேள்வி ஒன்று இருந்தது.

"இதைத் தவிர நீங்கள் கவனிக்கிற விஷயம் வேறு ஏதாவது உண்டா, மிஸ்டர் டேவிட்?"

உண்டு. எங்களிடம் ராய் என்று ஒரு வெள்ளைக்கார டிரைவர் இருக்கிறான். நம் நிறத்தவர்களைக் கண்டாலே அவனுக்கு ஆகாது. மூன்று வருஷத்துக்கு முன்னால் கேண்டீனில் குர்தீப் என்ற கண்டக்டருடைய தலைப்பாகையைத் தட்டிவிட்டான். குர்தீப் பதிலுக்கு ஒன்றும் செய்யவில்லை, ஆனால் அவன் கண்ணை நான் பார்த்தேன். மறுநாள் மேனேஜரிடம் போனேன். "அப்படியெல்லாம் என் டெப்போவில் நடக்காது" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அன்றிலிருந்து ராய் பெயருக்குப் பக்கத்தில் நான் பென்சிலால் ஒரு புள்ளி வைக்கிறேன். அவன் ஓட்டும் பஸ்ஸில் குர்தீப் வராதபடி, யாருக்கும் தெரியாமல் வரிசையைக் கொஞ்சம் தள்ளிப் போடுவேன். மூன்று வருஷமாக ஒரு சத்தம் இல்லை.

சூசன் பேனாவைத் தயாராக வைத்துக்கொண்டு காத்திருந்தாள். மேனேஜர் என் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் விரல் சரியாக அந்தப் புள்ளிக்குப் பக்கத்தில் இருந்தது.

"இந்தப் புள்ளி?" என்று கேட்டாள்.

"ஒன்றுமில்லை. எண்ணுவதற்காக வைத்தது" என்றேன்.

"இல்லை" என்று அவள் படிவத்தில் எழுதிக்கொண்டு நன்றி சொல்லிப் போய்விட்டாள். அன்று அதற்கப்புறம் எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. மேனேஜரிடம் மாட்டிக்கொள்வோமோ என்கிற பயம் இல்லை அது. நான் சொன்ன பதில் என்னுடைய பதிலே இல்லை. வார்த்தைக்கு வார்த்தை அது பெருங்களத்தூரில் ஒரு மனிதர் எனக்குச் சொன்ன பதில். அன்றைக்குப் படிவத்தோடு நின்றவன் நான்.

3

அதற்கு முன்னால் ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். நம் ஊர் ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எதையும் முதல் தடவை கேட்டால் உண்மை வராது. ஒருவர் வீட்டுக்குப் போகிறோம். "காப்பி சாப்பிடறீங்களா?" என்கிறார்கள். "ஐயையோ வேணாம், இப்பத்தான் சாப்பிட்டுட்டு வர்றேன்" என்கிறோம். பச்சைப் பொய். "அரை டம்ளராவது?" "வேணாங்க." "அதெல்லாம் முடியாது, போட்டாச்சு." "சரி, சக்கரை கம்மியா." மூன்றாவது தடவையில்தான் காப்பி வரும். கேட்கிறவருக்கும் இது தெரியும், சொல்கிறவருக்கும் தெரியும். ஒரே தடவை கேட்டுவிட்டு உள்ளே போய்விடுகிறவரை நாம் என்ன சொல்வோம்? கஞ்சன் என்போம்.

இங்கே வந்த முதல் வாரம் நான் பட்டினி கிடந்தேன். வீட்டுக்காரக் கிழவி உருளைக்கிழங்குப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு, "இன்னும் கொஞ்சம்?" என்றாள். மரியாதைக்கு "வேண்டாம்" என்றேன். பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போய் மூடி வைத்துவிட்டாள். இரண்டாவது தடவை கேட்கவில்லை. ஏழு நாளும் கேட்கவில்லை. எட்டாம் நாள் நான் முதல் தடவையே "வேண்டும்" என்று கத்தினேன். அவள் பயந்துபோனாள்.

சர்க்கார் படிவங்களும் இதே ஜாதிதான். ஒரு கேள்விக்கு ஒரு வரி. குடும்பப் பெயர் என்று கேட்டான். நமக்கு ஏது குடும்பப் பெயர்? அப்பா பெயரை எழுதினேன். இது அப்பா பெயர் என்று விளக்கி எழுத ஒரு வரிக்கு மேல் இடமில்லை. அன்றிலிருந்து நான் மிஸ்டர் டேவிட். பள்ளிக்கூட வாத்தியாராகத் தாம்பரத்தை விட்டு நகராமல் இருந்து காலமான என் அப்பாவுக்கு இந்த ஊரில் வருமான வரிக் கடிதம் வருகிறது, பல் டாக்டர் ஞாபகக் கடிதம் போடுகிறார்.

இதெல்லாம் போகட்டும். என் மகள் மெர்சி இரண்டு வயதில் இங்கே வந்தாள். இப்போது ஒன்பது. போன ஞாயிற்றுக்கிழமை எனக்குக் காய்ச்சல். "அப்பா, நான் உங்களோட வீட்டுல இருக்கட்டுமா?" என்று இங்கிலீஷில் கேட்டாள். "வேணாம்மா, நீ போய் விளையாடு" என்றேன். "ஓகே" என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கதவு சாத்தும் வரை நான் இரண்டாவது தடவைக்காகக் காத்திருந்தேன். பெற்ற பிள்ளை. என் மனைவி ஸ்டெல்லா ரசம் கொண்டுவந்து வைத்துவிட்டு, "அவ கேட்டாளே, நீங்கதானே வேணாம்னீங்க" என்றாள். அவளுக்கும் இந்த ஊர்த் தண்ணீர் ஒட்டிக்கொண்டுவிட்டது. எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது.

4

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் மவுண்ட் ரோட்டில் ஒரு கம்பெனியில் இருந்தேன். மற்ற கம்பெனிகள் கையால் எழுதும் ரெஜிஸ்டர்களை நாங்கள் ஓட்டை போட்ட அட்டைகளாக மாற்றி, மெஷினில் ஓட்டி, பச்சைக் கோடு போட்ட நீளத் தாளில் பட்டியலாக அச்சடித்துக் கொடுப்போம். லண்டன்காரர்களின் கம்பெனி. முதல் வேலையைக் குறித்த தேதிக்குள் முடித்துக் கொடுக்கிற இரண்டு பேரை இங்கிலாந்து ஆபீசுக்கு அனுப்புவதாகச் சொல்லியிருந்தார்கள். எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம், கைக்குழந்தை, அண்ணன் வீட்டில் ஒரே அறை. அந்த இரண்டு பேரில் ஒருவன் நானாக இருக்கவேண்டும் என்று நான் எவ்வளவு வெறியாக இருந்தேன் என்பதை இப்போது சொன்னால் நம்பமாட்டீர்கள்.

எனக்குக் கிடைத்த முதல் வேலை பெருங்களத்தூருக்குப் பக்கத்தில், ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டிய ஒரு தொழிற்சாலை. பெயர் வேண்டாம். கார், ஸ்கூட்டர் பாகங்களுக்குப் பளபளவென்று குரோம் முலாம் பூசுகிற இடம். அங்கேதான் என் அண்ணன் தேவராஜ் பிளேட்டிங் ஷாப்பில் வேலை பார்த்தார். என்னைவிட ஆறு வயது மூத்தவர். அப்பா போனபின் என்னைப் படிக்க வைத்தவர் அவர்தான்.

பிளேட்டிங் ஷாப்பில் பெரிய பெரிய டேங்க்குகளில் ஆரஞ்சு நிறத் திரவம் கொதிப்பது போல நுரைத்துக்கொண்டிருக்கும். மேலே மஞ்சளாக ஒரு ஆவி. வாசலில் நின்றாலே மூக்கும் தொண்டையும் எரியும். நான் ஒரே ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். என் வேலை டைம் ஆபீசில்தான். எந்தத் தொழிலாளி அடுத்த வாரம் எந்த ஷிப்டில், எந்த இடத்தில் என்று ரெஜிஸ்டர் போடுவதை மெஷினுக்கு மாற்றுவது.

அந்த ரெஜிஸ்டரை சனிக்கிழமைதோறும் கையால் எழுதியவர் டைம் கீப்பர் கன்னியப்பன். முடிச்சூர்க்காரர், ஐம்பது வயது, காதில் எப்போதும் ஒரு பென்சில். அவருக்கு என்னைப் பிடிக்கவில்லை. ஏன் பிடிக்கவேண்டும்? அவருடைய சனிக்கிழமைகளைப் பிடுங்கிக்கொள்ளத்தானே நான் போயிருந்தேன்.

"மிஷின் வந்துச்சின்னா எனக்கு இன்னா வேலை சார்? இந்தப் பென்சில காதுல வச்சிக்கினு கேட்டாண்ட குந்திக்கினு இருக்கவா?" என்றார் முதல் நாளே.

"உங்களுக்கு வேலை குறையும், அவ்வளவுதான்" என்றேன். எல்லா இடத்திலும் நாங்கள் சொல்லும் வசனம் அது. இங்கே சூசனும் அதையே என்னிடம் சொன்னாள்.

5

மூன்று நாள் அவர் மேஜைக்கு எதிரில் உட்கார்ந்தேன். மூன்று நாளும், தொழிலாளர் விவகாரம் பார்க்கிற பர்சனல் மேனேஜர் எங்கள் தலைமாட்டில் நின்றார். அவர் எங்கள் படிவத்தின் மீது காதல் கொண்டுவிட்டார். நான் கேள்வி கேட்டால் கன்னியப்பனுக்கு முன்னால் அவரே பதில் சொல்வார். கன்னியப்பன் தலையாட்டுவார்.

டேங்க் வேலை பழகின ஆட்களை டேங்க்கிலேயே வைப்பது. ஷிப்ட் மட்டும் வாராவாரம் மாறும். லீவென்றால் டோக்கன் நம்பர் வரிசைப்படி அடுத்த ஆள். இதுதான் விதி. எழுதிக்கொண்டேன். ஆனால் ரெஜிஸ்டர் அப்படி இல்லை. பழைய பக்கங்களைப் புரட்டினால், மூன்று வாரம் டேங்க்கில் இருந்த ஒருவன் அடுத்த மூன்று வாரம் பேக்கிங்கில் இருக்கிறான். பேக்கிங்கில் இருந்தவன் டேங்க்குக்கு வருகிறான். மாறுகிறவன் பெயருக்குப் பக்கத்தில் பென்சிலில் ஒரு சின்னப் புள்ளி. என் அண்ணன் பெயருக்குப் பக்கத்திலும் இருந்தது.

மூன்றாம் நாள், படிவத்தின் கடைசி வரிக்கு வந்தேன். "வேறு ஏதேனும்."

"இந்தப் புள்ளி என்னங்க?" என்று கேட்டேன்.

கன்னியப்பன் என்னைப் பார்த்தார். மேனேஜரைப் பார்த்தார். பென்சிலைக் காதிலிருந்து எடுத்து மறுபடி காதிலேயே வைத்தார்.

"ஒண்ணுமில்ல சார். சும்மா எண்றதுக்கு வச்சது."

நானும் நம் ஊர்க்காரன்தான். காப்பி வேண்டாம் என்கிற குரல் எனக்குத் தெரியாதா? மேனேஜர் இல்லாத நேரம் பார்த்து, கேட்டுக்கு வெளியே இருக்கும் டீக்கடைக்கு அவரைக் கூட்டிப்போய் இரண்டாவது தடவை கேட்டிருக்கவேண்டும். அங்கேயும் ஒன்றுமில்லை என்றிருப்பார். மூன்றாவது தடவை கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். படிவத்தில் ஒரே வரிதான் இருந்தது. நான் அதில் "இல்லை" என்று எழுதினேன். நானும் மேனேஜரும் கீழே கையெழுத்துப் போட்டோம். குறித்த தேதிக்கு இரண்டு நாள் முன்னதாகவே முடித்துவிட்டேன் என்று மவுண்ட் ரோட்டில் என்னைப் பாராட்டினார்கள்.

6

பட்டியல் வர ஆரம்பித்ததும் தொழிற்சாலையில் அதை வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடுமாம். வீட்டிலும் அதே பேச்சு. ஒரு சனிக்கிழமை அண்ணன் வந்து, "சாமு, லிஸ்ட்ல என் பேரு இந்த வாரமும் டேங்க்லயே போட்டிருக்குடா, அஞ்சு வாரமாச்சு" என்றார். "மெஷின் தப்பு பண்ணாதுண்ணே" என்றேன். எல்லோரும் சிரித்தோம். அப்போதெல்லாம் நம் ஆட்கள் மெஷினைக் கண்டு அப்படிப் பயந்தார்கள்.

அந்த வருஷத்து வெயிலை இந்தக் குளிரில் உட்கார்ந்து எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன். ஒரு நாள் காலையில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அண்ணன் துண்டால் மூக்கைத் துடைத்தார். துண்டில் சொட்டுச் சொட்டாக ரத்தம். "டேங்க்கிட்ட போனாலே மூக்கு எரியுதுடா" என்றார். "சூடுண்ணே, எண்ணெய் தேய்ச்சுக் குளி" என்றேன். அப்படி ஒரு வெயில்.

மீனம்பாக்கத்துக்கு அண்ணன்தான் என்னை வழியனுப்ப வந்தார். தாம்பரத்தில் ரயில் ஏறியதிலிருந்து என் பெட்டியை அவர் கீழே வைக்கவே இல்லை. சபை ஆட்கள் மாலை போட்டார்கள், ஜெபம் பண்ணினார்கள். உள்ளே போகும்போது அண்ணன் என் காதுக்குப் பக்கத்தில் வந்து ஏதோ சொன்னார். விமானச் சத்தத்தில் கேட்கவில்லை.

இங்கே வந்து நாலைந்து மாதம் கழித்துத்தான் பழைய ஆபீஸ் நண்பன் ஒருவன் எழுதினான். மூன்று வாரத்துக்கு மேல் டேங்க் ஆவியில் நின்றால் மூக்கின் நடுத்தண்டு புண்ணாகிவிடும். அதைத் தொழிற்சாலை கம்பவுண்டர் கண்டுபிடித்துக் கன்னியப்பனிடம் சொல்ல, கன்னியப்பன் விதியை மீறி, மேனேஜருக்குத் தெரியாமல், வருஷக்கணக்காக ஆட்களை மாற்றி மாற்றிப் போட்டு வந்திருக்கிறார். அந்தப் புள்ளி இதுதான். மெஷினுக்குப் புள்ளி தெரியாது. விதிப்படி டேங்க் ஆள் டேங்க்கிலேயே நின்றான். கடைசியில் கன்னியப்பன் மேனேஜர் மேஜை மீது ரெஜிஸ்டரைத் தூக்கிப் போட்டுச் சண்டை பிடித்துப் பழைய முறையைத் திருப்பிக் கொண்டுவந்தாராம். அதற்குள் நாலு பேருக்கு மூக்குத் தண்டில் ஓட்டை விழுந்துவிட்டது. நாலு பேரில் என் அண்ணன் ஒருவர்.

எனக்குத் தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. யாரைக் குற்றம் சொல்வது? தலைமாட்டில் நின்ற மேனேஜரைச் சொல்லலாம். ஒரே வரி இடம் விட்ட படிவத்தைச் சொல்லலாம். ஒரு தடவை கேட்டால் போதும் என்று நினைக்கிற இந்த வெள்ளைக்காரர்களின் முறையைச் சொல்லலாம். நம் ஊரில் உண்மை மூன்றாவது தடவைதான் வரும். வாலிபர்களே, நீங்கள் எந்த வேலைக்குப் போனாலும் மூன்று தடவை கேளுங்கள். ஆசிரியர் ஐயா கேட்ட பயனுள்ள கருத்து இதுதான்.

7

மேலே உள்ள ஆறு பகுதிகளையும் எழுதி முடித்து, ஆசிரியரிடம் கொடுத்துவிடும்படி அண்ணனுக்கு அனுப்பினேன். எனக்குத் திருப்தியாகவே இருந்தது. மூன்று வாரத்தில் என் கட்டுரை அப்படியே திரும்பி வந்தது. கூட ஒரு கடிதம். எழுதியிருப்பதை இங்கே பார்த்து எழுதுகிறேன்.

"அன்புள்ள தம்பி சாமுவேலுக்கு அண்ணன் எழுதுவது. உன் கட்டுரை கிடைத்தது. ஆசிரியரிடம் கொடுக்கவில்லை. காரணம் எழுதுகிறேன்.

நம்மவர்கள் மூன்று தடவை கேட்டால்தான் சொல்வார்கள் என்று எழுதியிருக்கிறாய். படிக்க நன்றாக இருக்கிறது, சபையில் பாராட்டுவார்கள். கன்னியப்பன் விஷயத்தில் அது சரியாகவும் இருக்கலாம். என் விஷயத்தில் இல்லை. என்னை நீ ஒரு தடவை கூடக் கேட்கவில்லை. கேட்காமலே நான் சொன்னேன். மூன்று தடவை சொன்னேன்.

ஐந்து வாரமாக டேங்க்கில் நிற்கிறேன் என்றேன். மெஷின் தப்பு பண்ணாது என்றாய். எல்லோரும் சிரித்தோம் என்று எழுதியிருக்கிறாய். நான் சிரிக்கவில்லை.

மூக்கு எரிகிறது என்று ரத்தத் துண்டைக் காட்டினேன். எண்ணெய் தேய்க்கச் சொன்னாய். தேய்த்தேன்.

மீனம்பாக்கத்தில் விமானச் சத்தம் என்று எழுதியிருக்கிறாய். அப்போது எந்த விமானமும் ஓடவில்லை. புள்ளி என்னவென்று கன்னியப்பன் எனக்கு அந்த வாரம்தான் சொன்னார், நான் அதை உன்னிடம் சொன்னேன். போகிறதுக்கு முன்னால் உங்க ஆபீசுக்கு ஒரு போன் பண்ணுடா, நாங்க பதினாறு பேரு இருக்கோம் என்றேன். நீ என் தோளைத் தட்டி, அடுத்த ரிவிஷன்ல சேர்த்துடுவாங்கண்ணே என்றாய். நாலைந்து மாதம் கழித்து நண்பன் எழுதித்தான் தெரிந்தது என்றால் அந்த நண்பன் யார்?

இப்போது எனக்கு வாசனை தெரிவதில்லை. போன மழைக்காலத்தில் மண்ணெண்ணெய் கொட்டிய பாயிலேயே படுத்துத் தூங்கிவிட்டேன். உன் அண்ணிதான் வந்து எழுப்பினாள். பக்கத்தில் அரிக்கேன் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இதை உனக்கு எழுதவேண்டாம் என்றுதான் இருந்தேன்.

உன் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. இதையும் நீ கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன். மற்றபடி இங்கு யாவரும் நலம். மெர்சிக்கு என் முத்தங்கள்."

8

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. படிக்க வைத்தவர் என்றால் எது வேண்டுமானாலும் எழுதலாமா என்று நாலு பக்கம் பதில் எழுதினேன். அதில் இரண்டு பக்கம் விமானச் சத்தத்தைப் பற்றி. எழுதும்போதே எனக்குத் தெரிந்தது. விமானம் ஓடவில்லை. அவர் சொன்னது ஒவ்வொரு வார்த்தையும் எனக்குக் கேட்டது. பதினாறு பேர் என்றதும் கேட்டது. போன் எங்கே இருக்கிறது என்று கூடப் பார்த்தேன். புத்தகக் கடைக்குப் பக்கத்தில் இருந்தது. போன் பண்ணினால் படிவம் தப்பு என்று ஆகும். தப்பென்றால் என் கையெழுத்து தப்பு. விமானத்துக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது, என்னைத் திருப்பிக் கூப்பிட அது போதும். அதனால் தோளைத் தட்டினேன். நண்பன் என்று எவனும் எழுதவில்லை. கன்னியப்பன் போட்ட சண்டையும் நாலு பேர் கதையும் மட்டும் பின்னால் ஊர்க் கடிதங்களில் வந்தது.

நாலு பக்கத்தையும் கிழித்துப் போட்டேன். ஏழு வருஷமாக நான் திட்டிக்கொண்டிருந்த மேனேஜர், படிவம், உருளைக்கிழங்குக் கிழவி எல்லோரும் எனக்கு வசதியான ஆட்கள் என்று இப்போது படுகிறது. என் மகளைப் பற்றி நான் எழுதியதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அவள் கேட்டாள், நான் வேண்டாம் என்றேன், என் சொல்லை நம்பிப் போனாள். அவள் மேல் என்ன தப்பு?

திங்கட்கிழமை சூசனைத் தேடிப் போனேன். ராய், குர்தீப், கேண்டீன், பென்சில் புள்ளி எல்லாவற்றையும் சொன்னேன். கவனமாகத்தான் கேட்டாள். "முக்கியமான விஷயம், மிஸ்டர் டேவிட். ஆனால் படிவத்தில் கையெழுத்தாகிவிட்டது. அடுத்த திருத்தத்தில் சேர்த்துக்கொள்ளலாம்" என்றாள். எழுந்து வந்துவிட்டேன். செவ்வாய்க்கிழமை மறுபடி போய் மறுபடி சொன்னேன். இந்தத் தடவை பேனாவைக் கூட எடுக்கவில்லை. ஆதரவாகத் தலையாட்டிக்கொண்டே கடிகாரத்தைப் பார்த்தாள். அவளிடம் எனக்குக் கோபம் வரவில்லை. அந்த முகம் எனக்குத் தெரியும். மேற்குத் தாம்பரத்தில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்த என் முகம் அது.

ஆசிரியர் ஐயா, எட்டுப் பகுதிகளையும் இந்த முறை நேரே உங்களுக்கே அனுப்புகிறேன். போடுவதானால் ஆறாம் பகுதியில் இருக்கும் பொய்களைத் திருத்தாமல் போடுங்கள், அண்ணன் கடிதத்தையும் வெட்டாமல் போடுங்கள். அண்ணனுக்கு நான் இன்னும் பதில் எழுதவில்லை. நாளைக்குக் காலை புது ரோஸ்டருக்குக் கடைசிக் கையெழுத்துப் போட எல்லோரும் கூடுகிறார்கள். மூன்றாவது தடவையாக அங்கே சொல்லப்போகிறேன், மேனேஜர் பக்கத்தில் நிற்கும்போது. அது முடிந்தபிறகுதான் அண்ணனுக்கு எழுதமுடியும்.